விளக்குக்குப் பக்கத்து இடம்

பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மேன்டில் கட்ட நான் கற்றுக்கொண்டது ஏழு வயதில். அந்தச் சின்ன வலைப் பையை முடிச்சுப் போட்டு, சுருக்கம் நீவி, ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினால் அது எரிந்து வெள்ளைச் சாம்பலாகத் தொங்கும். அதற்கப்புறம் விரல் பட்டால் போச்சு, உதிர்ந்துவிடும். பம்ப் அடிக்க அடிக்க உஸ்ஸென்று சத்தம் ஏறும். தொட்டால் உதிர்கிற அந்தச் சாம்பல்தான் ஒரு களம் முழுக்கப் பகலாக்கும்.

அப்புச்சியிடம் எட்டு விளக்குகள் இருந்தன. அம்மாவின் அப்பா. வாடகைக்கு விளக்குக் கொடுப்பது அவர் தொழில். கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் இருக்கிற ஊர்களில் கல்யாணம், நோம்பி, நாடகம் எது நடந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. வீடுகளுக்குக் கரண்டு வந்திருந்தது. ஆனால் ஊருக்கு வெளியே கோயில் களம் வரைக்கும் கம்பி இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள். அதனால் அப்புச்சிக்கு வேலை இருந்தது. விளக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட முடியாது. ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெளிச்சம் மங்கினால் பம்ப் அடிக்க வேண்டும், அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்தி அடைப்பெடுக்க வேண்டும், மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். பெண் குழந்தையை ராக்கூத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாரே என்று அம்மிச்சி சத்தம் போடுவார். அப்புச்சி பதில் சொல்லாமல் எனக்கு ஒரு கம்பளியை எடுத்து மடித்துக்கொள்வார்.

விளக்குக்காரருக்கு மேடையின் முன்னால் இடம் கிடையாது. பக்கவாட்டில், தட்டி மறைப்பை ஒட்டித்தான் உட்கார முடியும். ஆகவே நான் சின்ன வயதில் பார்த்த எந்த நாடகத்தையும் முன்னாலிருந்து பார்த்ததில்லை. ராஜபார்ட்டின் முகம் எனக்குப் பாதிதான் தெரியும். அவருடைய முதுகில் வியர்வை இறங்குவது முழுசாகத் தெரியும்.

போன மாதம் அண்ணன் மகள், பத்தாம் வகுப்பு முடித்தவள், ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். தோழிகள் எல்லாரிடமும் எழுதி வாங்குகிற நோட்டு. வீட்டுப் பெரியவர்களுக்கும் பக்கம் ஒதுக்கியிருந்தாள். பிடித்த பாடகர், பிடித்த நடிகர், பிடித்த புத்தகம், முன்மாதிரி யார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இடம். “அத்தை, சீக்கிரம் எழுதிக் குடுங்க” என்றாள். நான் பேனாவை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரியில் அடங்காததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் மண்ணைப் பற்றிக் கொஞ்சம். சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பக்கம் கேரளம்தான், ஆனால் எங்கள் வீடுகளில் பேச்சு தமிழ், அதிலும் கொங்குத் தமிழ். கறுப்பு மண், நிலக்கடலை, வரப்பெல்லாம் பனை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆடியில் பனையோலைகளைப் போட்டு அடிக்கிற சத்தம் ராத்திரியெல்லாம் கேட்கும். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் தமிழ் மீடியம். அப்புறம் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தேன். பொள்ளாச்சிக்குப் போனால் “நீங்க மலையாளமா?” என்பார்கள், பாலக்காட்டுக்குப் போனால் “தமிழா?” என்பார்கள். இரண்டு பக்கமும் பார்க்கிற வீட்டில் வளர்ந்ததால் கிடைத்த பெரிய லாபம், இரண்டு பக்கத்துக் கலையும் எனக்குச் சொந்தம்.

அப்புச்சிதான் எனக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு வள்ளி திருமணம் நாடகத்தில், முருகன் வேஷம் கட்டியவர் பாட்டின் நடுவில் வரியை மறந்துவிட்டார். வாய் திறந்தபடி ஒரு கணம் நின்றார். ஆர்மோனியம் வாசித்தவர், எங்கள் பக்கம் பொட்டிக்காரர் என்போம், அந்த இடத்தில் சட்டென்று சுரத்தை நீட்டி, தலையைக்கூடத் தூக்காமல், அடுத்த வரியின் முதல் சொல்லைப் பின்பாட்டுப் போலப் பாடினார். முருகன் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டார். சனம் கைதட்டியது. மறந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. அப்புச்சி பம்ப் அடிப்பதை நிறுத்திவிட்டு என் காதருகே குனிந்தார். “அம்மணி, முன்னால நிக்கறவனப் பாக்க ஊரே இருக்குது. நீ அந்தப் பொட்டிக்காரரைப் பாரு.”

அன்றிலிருந்து நான் அப்படித்தான் பார்க்கிறேன். என் ரசனை என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பக்கவாட்டு இடத்திலிருந்து வந்தது.

எனக்கு மிகப் பிடித்த கலை எது என்று கேட்டால் தோல்பாவைக்கூத்து என்பேன். யோசிக்கக்கூட வேண்டாம். அதை முதலில் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. ஒற்றப்பாலம் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே பகவதி கோயிலில் கூத்து நடக்கிறது என்றார்கள். பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் பத்ரகாளி கோயில்களில் இதற்கென்றே கூத்துமாடம் கட்டியிருப்பார்கள். நீளமான மேடை. மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்புத் துணி. துணிக்குப் பின்னால் 21 தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வரிசையாக ஏற்றுவார்கள். நெருப்பைக் கோயில் விளக்கிலிருந்து கொண்டுவருவார்கள். மான் தோலில் வெட்டிய பாவைகள். உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. வெளிச்சம் அந்த ஓட்டைகள் வழியாக வந்து துணியில் நகை போல விழும்.

கதை ராமாயணம். அதுவும் கம்பராமாயணம். பாலக்காட்டுக்கு மேற்கே, தமிழ் பேசாத ஊர்களின் நடுவில், கம்பன் பாட்டைப் பாடி, தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். பாடுகிறவர்களுக்குப் பெயரே புலவர். சில கோயில்களில் ஏழு ராத்திரி, சில கோயில்களில் 21 ராத்திரி, 41 ராத்திரி, 71 ராத்திரி வரைக்கும்கூட உண்டு. யாருக்காக? பத்ரகாளிக்காக. ராமனும் ராவணனும் சண்டை போட்ட சமயத்தில் அவள் தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்தாள், அந்த யுத்தத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதனால் வருஷா வருஷம் அவளுக்கு அதை ஆடிக் காட்டுகிறார்கள். அவள் பார்க்கும்படிதான் மாடத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

நாங்கள் போன அன்றைக்கு நடுராத்திரிக்கு மேல் களத்தில் பத்துப் பதினைந்து பேர்தான் இருந்தோம். இரண்டு மணிக்கு அதிலும் பாதிப் பேர் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். அப்புச்சி தூங்கவில்லை. அவருக்கு அந்த 21 விளக்குகள் மேல் கண். பம்ப் இல்லை, மேன்டில் இல்லை, இத்தனை சீராக எப்படி எரிகிறது என்று பார்க்க என்னைக் கையில் பிடித்துக்கொண்டு மாடத்தின் பக்கவாட்டுக்குப் போனார். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே ஐந்தாறு பேர். புகை. இடுப்பில் வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு, வியர்வையில் நனைந்து, ஒருவர் இரண்டு கையிலும் பாவையைப் பிடித்துக்கொண்டு முழுத் தொண்டையில் பாடிக்கொண்டிருந்தார். இன்னொருவர் எண்ணெய் ஊற்றிக்கொண்டே பதில் பேசினார். அப்போது நடந்தது கும்பகர்ணனை எழுப்புகிற இடம். “எழுந்திராய், எழுந்திராய்” என்று அவர் பாடியது எனக்கு விளங்கியது. வெளியே திரும்பிப் பார்த்தேன். களத்தில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

யாரும் பார்க்கவில்லை என்று அவர் குரலைக் குறைக்கவில்லை. ஒரு பாட்டைக்கூட விடவில்லை. அம்மன் பார்க்கிறாள் என்பதால் அப்படி என்று பின்னாளில் படித்துப் புரிந்துகொண்டேன். ஆனால் பத்து வயதில் எனக்குத் தோன்றியது வேறு: இந்த மனுஷருக்கு இந்த வேலை அவ்வளவு பிடித்திருக்கிறது. கல்லூரியில் யுத்தகாண்டம் பாடம் நடந்தபோது அதே பாட்டு வந்தது. ஆசிரியர் சந்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தேங்காயெண்ணெய்ப் புகை வாசனை வந்தது.

இந்தக் கலையை வெளியுலகத்துக்குக் கொண்டுபோன கூனத்தறை ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய அப்பா கிருஷ்ணன்குட்டிப் புலவரும் இதிலேயே வாழ்ந்தவர். இப்போது பெண்களும் குழுவாகச் சேர்ந்து பாவை பிடிக்கிறார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்றைக்கு நான் அழுதேன். அந்தத் திறந்த கதவுக்கு வெளியே நின்ற பத்து வயதுப் பெண் உள்ளே போய்விட்ட மாதிரி இருந்தது.

சங்கீதத்துக்கு வருகிறேன். பாலக்காட்டுக்காரர்களுக்கு இதில் பெருமை அதிகம், அது நியாயமானதுதான். கோட்டாயி ஊர்க்காரரான செம்பை வைத்தியநாத பாகவதர், மஞ்சப்ரையின் எம். டி. ராமநாதன், கே. வி. நாராயணசுவாமி, எல்லாரும் இந்த மண். செம்பையை நான் மிகவும் மதிக்கிறேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜேசுதாசைச் சிஷ்யனாக ஏற்றுக்கொண்டவர், பக்கவாத்தியக்காரர்களை முன்னால் தள்ளிவிட்டு மகிழ்ந்தவர். அவர் அப்படித் தூக்கிவிட்ட இளைஞர்களில் ஒருவர்தான் என் ஆள், மிருதங்கம் வாசித்த பாலக்காடு மணி ஐயர்.

மணி ஐயர் 1912இல் பிறந்தவர், 1981இல் காலமானார். எனக்கு அவருடைய வாசிப்பு ஒலிப்பதிவுகளில்தான் அறிமுகம். மிருதங்கம் என்றால், பாட்டை நிறுத்திவிட்டுத் தாளவாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வரும்வரை காத்திருந்து அப்போதுதான் கவனிப்பவர்கள் உண்டு. நான் அவருக்குத் தனியைவிடக் கீர்த்தனையின் நடுவில் காது கொடுப்பேன். பாட்டு எப்படிப் போகிறதோ அப்படியே கூடப் போவார். பாடகர் ஒரு சொல்லில் நின்றால் இவரும் நிற்பார். சில இடங்களில் வாசிக்கவே மாட்டார். இடது கையில் ஒரு சின்ன கும்காரம் மட்டும், பிறகு மௌனம். அந்த மௌனத்தில் பாட்டு தனியாக மிதக்கும். அடுத்த அடி விழும்போது, இவர் இவ்வளவு நேரமும் பாட்டைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தார் என்பது உறைக்கும். ஒலிபெருக்கி மிருதங்கத்தின் நாதத்தைக் கெடுக்கிறது என்று, மைக் வைத்த கச்சேரிகளுக்குச் சில காலம் வாசிக்க மறுத்தவர். சபைகள் எல்லாம் பெரிதாகிக்கொண்டிருந்த நேரத்தில் அப்படிச் சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். 1966இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. மிருதங்கக்காரர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அதுவரை பெரும்பாலும் நடுவில் உட்கார்ந்தவர்களுக்கே போய்க்கொண்டிருந்த இடம்.

அவரிடம் எனக்கு உறுத்துகிற ஒன்றும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நீண்ட காலம் அவர் பெண்களின் கச்சேரிக்கு வாசிக்காமல் இருந்தார். பிறகு டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். அவருடைய மகளே பட்டம்மாளின் மகனைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர்களுடைய மகள்தான் பாடகி நித்யஸ்ரீ. பட்டம்மாளின் தாள சுத்தமும் பல்லவியும்தான் அந்தக் கதவைத் திறந்தன என்று நான் நம்புகிறேன். ஆனாலும் இன்னும் நிறையப் பெண்களுக்கு அந்தக் கைகள் வாசித்திருந்தால் எத்தனை பாட்டுகள் கூடுதலாக ஒளி பெற்றிருக்கும் என்று நினைக்கும்போது மனசு வலிக்கும். பிடித்தவர்களிடம் வலிக்கிற இடமும் தெரிந்துதான் பிடிக்க வேண்டும் என்று அவரைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றேன்.

சினிமாப் பாட்டில் என் உயிர் எம். எஸ். விஸ்வநாதன். இங்கே எனக்கு நடுநிலை கிடையாது. பாலக்காட்டுக்குப் பேருந்தில் போனால் வழியில் எலப்புள்ளி வரும். 1928இல் அவர் பிறந்த ஊர். இன்றைக்கும் அந்த நிறுத்தத்தில் பேருந்து நிற்கும்போது நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். பார்க்க ஒன்றும் இல்லை, வழக்கமான கடைகள்தான். இந்த மண்ணிலிருந்து போன ஒரு ஏழைப் பையன், சினிமா கம்பெனியில் எடுபிடி வேலையில் தொடங்கி, எஸ். எம். சுப்பையா நாயுடுவிடம் உதவிக்கு இருந்து, சி. ஆர். சுப்பராமனிடம் இருந்து, 1952இல் சுப்பராமன் திடீரென்று இறந்தபோது அவர் விட்டுப்போன படங்களை ராமமூர்த்தியோடு சேர்ந்து முடித்துக்கொடுத்தவர். இன்னொருவர் பாதியில் விட்ட வேலையை அவர் பெயர் கெடாமல் முடித்துக்கொடுப்பதில் தொடங்கியது அந்தக் கூட்டணி. எனக்கு அது பொட்டிக்காரர் செய்த அதே காரியம்.

எல்லைக்காரியான எனக்கு இன்னொரு சேதி பொக்கிஷம். தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர். அதற்கு மோகனத்தில் மெட்டுப் போட்டவர் எலப்புள்ளிக்காரர். தமிழ்நாட்டில் எந்த விழாவானாலும் எல்லாரும் எழுந்து நிற்கிற அந்தப் பாட்டின் சொல்லும் சுரமும் மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனவை. பொள்ளாச்சியில் ஒரு கூட்டத்தில் என்னை “கேரளாக்காரங்க” என்று அறிமுகம் செய்துவிட்டு அந்தப் பாட்டைப் போட்டார்கள். நான் எல்லாரையும்விட நேராக நின்றேன்.

விஸ்வநாதன் தன் குரலில் பாடியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது தமிழில் இல்லை. 1973இல் வந்த ‘பணிதீராத்த வீடு’ என்ற மலையாளப் படத்தில் வயலார் எழுதிய ஒரு பாட்டு. கண்ணீரைப் பற்றியது. இசையும் அவர், குரலும் அவர். நயமான குரல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பாட்டுக்கு அந்தக் குரல்தான். 2015 ஜூலையில் அவர் போன செய்தி வந்த அன்று ராத்திரி அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

பின்னணிப் பாடகர் என்ற சொல்லே எனக்குப் பிடிக்கும். பின்னணியில் நின்று பாடுகிறவர். எங்கள் சித்தூர்க்காரர் பி. லீலா அப்படிப் பாடியவர். படங்களில் அவர் யார் யாருக்கோ குரல் கொடுத்தார். ஆனால் குருவாயூரில் விடிகாலையில் அவருடைய நாராயணீயம் கேட்கும்போது அந்தக் குரலுக்கு முன்னால் வேறு முகம் எதுவும் இல்லை. இளையராஜாவின் பாட்டுகளில் எல்லாரும் புல்லாங்குழலையும் வயலினையும் சொல்வார்கள். நான் பேஸ் கிட்டாரைத் தேடிப் போவேன். அடியில் ஓடுகிற நீர் மாதிரி அது தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். நல்ல ஹெட்போனில் ஒரு தடவை அதை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள், பழகிய பாட்டே புதிதாகிவிடும். அவர் பிறந்த பண்ணைப்புரமும் கேரள எல்லையோர மலையடிவாரத்து ஊர்தான், அதிலும் எனக்கு ஒரு சந்தோஷம்.

நடிகர்களில் கதாநாயகர்கள் பேரில் எனக்குப் பெரிய ஈர்ப்பு இருந்ததில்லை. ‘தில்லானா மோகனாம்பா’ளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சிவாஜி அற்புதம்தான். ஆனால் என் கண் தவில் முத்துராக்குவாக வருகிற டி. எஸ். பாலையாவை விட்டு நகராது. அவர் தலையை ஆட்டுவதில், நாயனக்காரரின் கோபத்தைப் பார்த்துக் கைகளை அடக்கிக்கொள்வதில், ஒரு பக்கவாத்தியக்காரரின் வாழ்க்கை முழுக்க இருக்கிறது. திரையில் நாம் கேட்கிற நாகஸ்வரம் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் படத்தில் இரண்டு அடுக்கு இருக்கும்: காட்டுகிறவர்கள், வாசிக்கிறவர்கள். இரண்டும் ஒன்றையொன்று சுமக்கின்றன.

மலையாளத்தில் கே. பி. ஏ. சி. லலிதா. பேரின் முன்னாலிருக்கும் எழுத்துகளே அவர் நடித்த நாடகக் குழுவின் பெயர். அமரம், சாந்தம் என்று இரண்டு படங்களுக்குத் தேசிய விருது வாங்கியவர். என் மனசில் நிற்பது அவர் முகமே வராத ஒரு படம். பஷீரின் கதையை அடூர் கோபாலகிருஷ்ணன் 1990இல் எடுத்த ‘மதிலுகள்’. சிறைக்குள் மம்மூட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிறையில் நாராயணி. இருவரும் பார்த்துக்கொள்வதே இல்லை, நாமும் அவளைப் பார்ப்பதில்லை. குரல் மட்டும். அந்தக் குரலில் அவள் சிரிக்கிறாள், சீண்டுகிறாள், ஏங்குகிறாள். ஒரு சுவரை நம்மைக் காதலிக்க வைத்தவர் லலிதா. 2022இல் அவர் இறந்தபோது எங்கள் தெருவில் தமிழ் வீடு, மலையாள வீடு என்று பார்க்காமல் எல்லாரும் அவரைப் பற்றியே பேசினோம்.

புத்தகம் என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளர்களைச் சொல்வேன். தகழியின் செம்மீனைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி. தானே பெரிய எழுத்தாளராக இருந்தவர், இன்னொருவர் எழுத்துக்குத் தன் தமிழைக் கொடுத்தார். ஓ. வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ நாவல், பாலக்காட்டுக்குப் பக்கத்துத் தஸ்ராக் கிராமத்தைக் கருவாகக் கொண்டது. 1969இல் புத்தகமாக வந்தது. நான் அதை முதலில் மலையாளத்தில் படித்தேன், எழுத்துக் கூட்டிக் கூட்டி. அப்புறம் யூமா வாசுகியின் தமிழில் படித்தேன். பனைகளின் மேல் அடிக்கிற எங்கள் காற்று இரண்டு மொழியிலும் வீசியது. அந்த மொழிபெயர்ப்புக்குச் சாகித்திய அகாதெமி பரிசு கொடுத்தபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தேன். பாயசத்துக்குக் காரணம் கேட்டு, சொன்னதும் அண்ணி சிரித்தார், ஆனால் இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு ஒட்டாதவையும் உண்டு. பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளில் குழந்தைகள் அழுவதை நெருக்கத்தில் காட்டுவது எனக்கு ஆகாது. அந்தக் குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறவர்களின் பெயரைக்கூடப் பல சமயம் சொல்வதில்லை. அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

முன்மாதிரி. அந்த வரியில்தான் பேனா ரொம்ப நேரம் நின்றது. பாலக்காட்டுக்காரர்கள் உடனே சொல்லக்கூடிய பெயர்கள் இருக்கின்றன. தேர்தல்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்த டி. என். சேஷன், 1964 புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்த ஈ. ஸ்ரீதரன், இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். நான் பெருமைப்படுகிறேன். ஆனால் காலையில் எழுந்து வேலைக்குக் கிளம்பும்போது நான் நினைத்துக்கொள்வது அவர்களை இல்லை.

என் வேலை ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுகிற இடத்தில். நிலம் வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், பாகம் பிரிக்கிறவர்கள் வருவார்கள். பத்திரம் மலையாளத்தில் இருக்கும். கையெழுத்துப் போடுகிற பாட்டிக்குத் தமிழ்தான் தெரியும். நான் வரிக்கு வரி தமிழில் சொல்வேன். வடக்கு எல்லை யாருடையது, கிணற்றில் எத்தனை பங்கு, வழி யார் வழி. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு அலுவலகத்தில், ஒரு அம்மாவுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்லாமலே கைநாட்டு வாங்கினார்கள். வீட்டோடு சேர்ந்த களமும் அதில் போய்விட்டது. நான் அப்போது புதுசு, பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அந்த அம்மாவின் முகம் இன்னும் என்னோடு இருக்கிறது. அதற்கப்புறம் யாருக்கும் ஒரு வரிகூட விடாமல் படித்துச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். கேட்கிறவர் தூங்கி வழிந்தாலும் சரி, “போதும் கண்ணு, நீ சொன்னாச் சரி” என்றாலும் சரி. முழுக்கப் படிப்பேன். படிக்கும்போது சில நாள் அந்தக் கூத்துமாடத்துப் புலவர் ஞாபகம் வரும். ஆனால் எப்போதும் ஞாபகம் வருவது அப்புச்சி.

அப்புச்சிக்கு ஒரு ராத்திரி கையில் பொத்துக்கொண்டது. சூடான மூடியைத் துணி இல்லாமல் பிடித்துவிட்டார். அரிச்சந்திரா நாடகம், மயான காண்டம். அந்த நேரத்தில் விளக்கை இறக்கினால் நாடகம் நின்றுவிடும். இடது கையைத் தண்ணீர்ச் சொம்புக்குள் விட்டுக்கொண்டு வலது கையால் பம்ப் அடித்துக்கொண்டே இருந்தார். “வலிக்குதுங்களா அப்புச்சி?” என்றேன். “இரு கண்ணு, சந்திரமதி இன்னும் அழுது முடிக்கல” என்றார். விடிந்ததும் நாடகக்காரர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் மரியாதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்புச்சி விளக்குகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டினார். சந்திரமதி வேஷம் கட்டியவர் மட்டும், முகத்தில் பாதி அரிதாரத்தோடு, அவரிடம் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

நோட்டில் அந்த வரியில் அப்புச்சியின் பெயரை எழுதினேன். அண்ணன் மகள் படித்துவிட்டு, “யாருங்க அத்தை இது, பாடகரா?” என்றாள். அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர். பரண்மேல் ஒரே ஒரு விளக்கு மிச்சம் இருக்கிறது, கண்ணாடி உடைந்துவிட்டது, அதை இறக்கிக் காட்டினேன். பம்பை இழுத்துப் பார்த்தாள். வாஷர் காய்ந்து காற்றுப் பிடிக்கவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை அவளை ஒற்றப்பாலம் பக்கம் கூட்டிப் போனேன். அதே கோயில் இல்லை, வேறு ஒன்று. இப்போது களத்தில் டியூப் லைட் இருக்கிறது. கூத்துத் தொடங்கும்போது அணைத்துவிட்டார்கள். பதினோரு மணிக்குத் தொடங்கியது. பன்னிரண்டு மணி வரை போனில் படம் பிடித்தாள். ஒரு மணிக்குக் கொட்டாவி விட்டாள். தூங்கிவிடுவாள் என்று நான் சால்வையை எடுத்து வைத்தேன். சற்று நேரத்தில் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். எழுந்து தேடினேன். மாடத்தின் பக்கவாட்டில், கதவிடுக்கில் வெளிச்சம் கோடாக விழுகிற இடத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அத்தை, இங்க வாங்க” என்றாள் ரகசியமாக. “எண்ணெய் ஊத்தறவரும் கூடவே பாடறாருங்க.”